வெள்ளைச் சாமியும் எருமைத் தயிரும்

நேற்றுப் பின்னேரம் வெபர் மைதானத்தைக் கடக்கும்போது அம்மம்மாவின் நினைவு வந்துவிட்டது. அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் பக்கத்திலிருந்து மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபைக் குருமாரை அவர் "வெள்ளைச் சாமி" என்றுதான் சொல்வார். அந்த மைதானத்துக்குப் பெயர் தந்த ஹரோல்ட் வெபர் அடிகளாரும் அவர்களில் ஒருவர்.

புதிதாக வந்த ஓர் இளம் சாமிக்கு அம்மம்மா பிட்டும் எருமைத் தயிரும் வாழைப்பழமும் வைத்தாராம். அவர் கரண்டியைத் தேடியிருக்கிறார். பக்கத்தில் அம்மப்பா பழத்தைப் பிசைவதைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் பிசையத் தொடங்கிவிட்டார். தயிர் முழங்கை வரை வழிந்ததாம். "ஆறுதலாச் சாப்பிடுங்க சாமி" என்று துவாயை நீட்டியிருக்கிறார் அம்மம்மா. அப்புறம் எப்போது வந்தாலும் "தயிர் இருக்கா அம்மா?" என்றுதான் படியேறுவாராம். 'ழ' மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆனால் ஊரில் யார் வீட்டில் என்ன துக்கம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தந்தவர்கள் இவர்கள். உள்நாட்டுச் சண்டைக் காலத்திலும் சிலர் அமெரிக்காவுக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டார்கள். யூஜின் ஹெபேர் சாமி 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூடவே ஒரு தமிழ்ப் பையன். இருவரும் வந்து சேரவேயில்லை.

அம்மம்மா இருந்தவரை ஒவ்வொரு ஆகஸ்ட் 15 அன்றும், மாதாவின் திருநாள் பூசை முடிந்ததும், அவர்கள் இருவருக்காகவும் இரண்டு மெழுகுவர்த்தி கொளுத்துவார். இந்த வருடம் நான் கொளுத்தினேன்.