கெண்டைக்கால் இறைச்சி: பெருநாள் வாரக் குறிப்புகள்

ஜூன் 7, 2025, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். கச்சான் காற்று அள்ளிக்கொண்டு வந்த புழுதி, விருந்தாளிகளுக்கு முன்பே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பிற்பகலில் கிண்ணியாவில் இருந்து சாச்சா வீட்டுக் குர்பான் பங்கு வந்தது. 2009இல் பாலம் திறக்கும்வரை இந்தப் பொட்டலம் பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் திருகோணமலைக்கு வரவேண்டும். இப்போது அறுத்த சூடு தணியுமுன்பே வாசலில் நிற்கிறது. பை முழுக்கக் கால் இறைச்சி. ராத்தாவின் முகம் கோணியது. அவளுக்குத் தொடை வேண்டுமாம். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம்.

உம்மா உடனே சட்டியை ஏற்றச் சொன்னார். நான் ஏற்றவில்லை. அறுத்த அன்றே சமைக்கும் மாட்டிறைச்சி இழுபடும். உயிர் போன சில மணி நேரத்தில் தசை விறைத்து இறுகுகிறது. அந்த விறைப்பு மெல்ல மெல்லத்தான் தளரும். விறைத்து முடியுமுன்பே ஃப்ரீசருக்குள் திணித்தால் இன்னும் மோசம்: உறைவு நீங்கும்போது தசை சுருங்கி நீரைக் கக்கிவிடும். பெருநாள் அன்று ஊரில் பாதி வீடுகள் அதைத்தான் செய்கின்றன. அந்த இறைச்சியைச் சமைத்துவிட்டுப் பழியை மாட்டின் வயதின் மேல் போடுகின்றன. நான் கழுவி, நீர் வடித்து, பரத்தி வைத்த தட்டோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். இன்றைக்குச் சோற்றுக்கு ஈரல்.

ஜூன் 8, ஞாயிறு

வெட்டும் வேலை மட்டும். கெண்டைக்கால் துண்டுக்கு நடுவே வெள்ளைச் சவ்வு, மரத்தின் வேர்போலக் கிளைவிட்டு ஓடுகிறது. ராத்தா அதைச் சீவி எறியக் கத்தியோடு வந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். இறைச்சியின் சுவையே அந்தச் சவ்வில்தான் இருக்கிறது. அதிலுள்ள கொலாஜன் நீண்ட நேரச் சூட்டில் கரைந்து ஜெலட்டினாகி, குழம்புக்கு உதட்டில் ஒட்டும் வழவழப்பைக் கொடுக்கும். தொடையில் அது குறைவு. மூன்று மணி நேரம் வேகவைத்தால் தொடை சக்கையாகும், கால் பூவாகும். துண்டுகளைப் பெரிதாக, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டினேன். ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு தடவி, மூடாமல் திரும்ப உள்ளே வைத்தேன். மேல் ஈரம் காயவேண்டும்.

ஜூன் 9, திங்கள்

சமையல் நாள். நாளைக்குப் பொசன் நோன்மதி, பௌத்தர்களின் முழுநிலா நாள்; இறைச்சிக்கடைகள் பூட்டு. நமக்கென்ன, கையில் இருக்கிறது.

கனமான சட்டியில் தேங்காய் எண்ணெய். இறைச்சியை ஒரேயடியாகக் கொட்டாமல், துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டுச் சிவக்க வைத்தேன். நெருக்கிப் போட்டால் ஊறும் நீரிலேயே அவிந்து சாம்பல் நிறமாகிவிடும். "சாறு உள்ளே அடைபடுவதற்காகத்தானே?" என்றாள் ராத்தா. இல்லை. 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் பரப்பிய நம்பிக்கை அது; பிற்பாடு பொய்யாகிப்போனது. சட்டியில் கேட்கும் சர்ரென்ற சத்தமே சாறு வெளியேறும் சத்தம்தான். சிவக்க வைப்பது மணத்துக்காக. அந்தப் பழுப்பு நிறமும் வாசமும் கொதிநீரில் வராது; அதைவிட வெகுவாகக் கூடிய சூடு வேண்டும்.

அதே எண்ணெயில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, றம்பை, கறிவேப்பிலை, கறுவாப்பட்டை, ஏலம், கராம்பு. பிறகு வறுத்த கறித்தூள், நிறைய மிளகு, இரண்டு தக்காளி. சட்டியின் அடியில் பிடித்திருந்ததைத் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கரைத்தேன். தண்ணீர் துண்டுகளின் பாதி உயரத்துக்கு மேல் போகக்கூடாது. மிச்சத்தை ஆவி பார்த்துக்கொள்ளும். தேங்காய்ப்பால் இப்போது வேண்டாம், இவ்வளவு நேரம் தாங்காமல் திரிந்துவிடும்.

இனி நெருப்பு. எங்கள் காஸ் அடுப்பின் மிகச் சிறிய சுடரும் இதற்கு அதிகம். அதனால் ரொட்டிக்கல்லை இடையில் வைத்து, அதன்மேல் சட்டியை ஏற்றினேன். மூடியைத் திறந்தால் ஓரத்தில் ஒரு குமிழி வரவேண்டும், போகவேண்டும், சற்றுப் பொறுத்து அடுத்தது வரவேண்டும். கிட்டத்தட்ட 90 பாகை. தளதளவென்று கொதித்தால் சவ்வு கரையத்தான் செய்யும், ஆனால் தசைநார் சுருங்கி இருக்கிற நீரையெல்லாம் பிழிந்துவிடும். குழம்புக்குள்ளே மூழ்கிக் கிடந்தும் வறண்ட இறைச்சி!

ஒரு மணி நேரம் கழித்து உம்மா கரண்டியால் ஒரு துண்டை அழுத்தினார். பச்சையாக இருந்ததைவிடக் கடினம். "மகள், இது வேகாது. குக்கரில் போடு, இல்லாவிட்டால் பப்பாசிக்காய் போடு." இந்த இடத்தில்தான் எல்லோரும் மனம் தளர்கிறார்கள். நார் சுருங்கிவிட்டது, சவ்வு இன்னும் கரையவில்லை. இரண்டுக்கும் நடுவில் இப்படித்தான் இருக்கும். குக்கர் கெட்டதென்று சொல்லமாட்டேன். உள்ளே சூடு 120 பாகையை நெருங்குவதால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் குழம்பு வற்றாது, கூழ்த் தண்ணீராக நிற்கும். பப்பாசி வேறு கதை. அதிலுள்ள நொதி மேற்பரப்பை மாவாக்கும், பெரிய துண்டின் நடுவுக்குப் போய்ச் சேராது, கொதிநிலையை நெருங்கும்போது செத்தும்விடும். இதையெல்லாம் உம்மாவிடம் சொல்ல முடியுமா? "சரி உம்மா, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றேன்.

அசர் தொழுது வந்து பார்த்தபோது முள்ளுக்கரண்டி தானாக இறங்கியது. திருப்பினால் நார் நாராகப் பிரிகிறது, ஆனால் துண்டு உருக்குலையவில்லை. உம்மா ஒன்றும் பேசவில்லை, தட்டை நீட்டினார். ஒரு துண்டு மட்டும் கொடுத்தேன். மிச்சத்தை அகன்ற பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஏற்றினேன். வீட்டில் எதிர்ப்பு பலமாக இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

குழம்பு கட்டியாக உறைந்திருந்தது. பாத்திரத்தை ஆட்டினால் தளும்பாமல் நடுங்கியது. நான் சொன்ன ஜெலட்டின் இதுதான் என்று ராத்தாவுக்குக் காட்டினேன். மேலே படிந்த கொழுப்பைத் தகடாக எடுத்துவிட்டு, மெல்லிய சூட்டில் இளக்கி, முதற்பால் அரைக் கோப்பை ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்கினேன். ஆறும்போது இறைச்சி குழம்பைத் திரும்பக் குடித்துக்கொள்கிறது. நேற்றைய துண்டைவிட இன்றையது ஈரமாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

பிட்டோடு சாப்பிட்டோம். வாப்பா பாணையும் வாங்கி வைத்திருந்தார். ராத்தா அடுத்த பெருநாளைக்குக் கால் இறைச்சியைத் தனக்கென்று சாச்சாவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டாள். அது நியாயமில்லை, முதலில் கேட்டது நான். எடுத்த கொழுப்பைப் போத்தலில் போட்டிருக்கிறேன். நாளைக்கு அதில் கோவா (முட்டைக்கோஸ்) வறுக்கலாம்.