பெரியப்பாவின் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை

ஜூன் 6, 2020, காவேரிப்பட்டணம்

விடுதியைக் காலி செய்துவிட்டு வந்து இரண்டரை மாதம் ஆகிறது. மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் பாடப்புத்தகம் எதிலும் கொரோனாவுக்கு மருந்து சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப் குழுவிலும் மாலைச் செய்தியிலும் வந்ததுதான். பெரியப்பாவுக்கும் அதே வழியில்தான் வருகிறது. ஆனால் தெருவே என்னைத்தான் கேட்கிறது.

போன மாதம் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தை கொரோனாவுக்காக வாங்கி வைக்கலாமா என்று மாமா கேட்டார். "வேண்டாம் மாமா, லான்செட் மருத்துவ இதழில் 96,032 நோயாளிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள், இறப்பு கூடுகிறதாம்" என்றேன். நேற்று முன்தினம் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். தரவைக் கொடுத்த சர்ஜிஸ்பியர் நிறுவனம், மூலத் தரவைச் சரிபார்க்கத் தரவில்லை. நேற்றோ பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அந்த மருந்தால் பயனில்லை என்று அறிவித்திருக்கிறது. ஆக, மாமாவுக்கு வேண்டாம் என்றது தப்பில்லை. நான் காட்டிய சாட்சிதான் செல்லாது. அந்தக் கட்டுரையை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. சீனியர் ஒருவர் அனுப்பிய படத்தில் இருந்த எண் அது.

மாமாவிடம் போனில் ஒப்புக்கொண்டேன். "அப்படியானால் வாங்கலாமா?" என்றார். மறுபடி முதலிலிருந்து விளக்கினேன்.

ஜூன் 17

டெக்ஸாமெத்தசோன்! அதே ரெகவரி ஆய்வின் நேற்றைய அறிவிப்பு. இந்த ஸ்டீராய்டு மருந்தால், செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் கொரோனா நோயாளிகளிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆக்சிஜன் பெறுபவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். கண் கலங்கிவிட்டது. நம் ஊரில் கிடைக்குமா என்றார் பெரியம்மா. "எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் சில ரூபாய்தான்" என்றேன்.

ஜூன் 20

துவைக்கப் போட்ட சட்டையின் பையில் டெக்ஸாமெத்தசோன் அட்டை இருந்தது. பத்து மாத்திரையில் ஆறு காலி. மாங்காய் மண்டிக்குப் பலரும் வந்துபோகிறார்கள், முன்கூட்டியே போட்டுக்கொண்டால் நல்லதுதானே என்றார் பெரியப்பா. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதை இரண்டாம் ஆண்டு மருந்தியலில் எழுதித் தேறியவள் நான். குத்திப் பார்த்தால் 268. மாத்திரையாலா, தோட்டத்தில் தின்ற மாம்பழத்தாலா, சொல்ல முடியாது. அவரைப் பார்க்கும் மருத்துவரை அழைத்துக் கேட்டேன். மூன்று நாள்தான் என்பதால் உடனே நிறுத்தலாம் என்றார்.

ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை என்று அதே அறிவிப்பில் இருந்தது. நான் திண்ணையில் படித்தது அதற்கு மேலே இருந்த இரண்டு வரியை மட்டும். அவர் கடைக்குப் போனது என் குரலைக் கேட்டுத்தான்.

ஜூன் 23

முழு ஆய்வும் நேற்று வெளியாகியிருக்கிறது. நிபுணர் பரிசீலனை இன்னும் முடியவில்லை. மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கேயே உட்கார்ந்து படித்தேன். நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள், அதுவும் மருத்துவமனையில். இதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பெரியப்பா கையாலேயே மண்டிச் சுவரில் ஒட்டச் சொன்னேன். ஒட்டிவிட்டார்.

ஓர் அட்டவணை எனக்குச் சரியாகப் புரியவில்லை. சமூக மருத்துவ ஆசிரியை நாளைக் காலை எட்டு மணிக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறார்.