கேஸ் நாப்பும் நானும்

பெங்களூரு அல்சூர்ல வீட்டைப் பூட்டிட்டு மெட்ரோ வரைக்கும் போயிட்டு, கேஸை ஆஃப் பண்ணேனான்னு திரும்பி ஓடி வர்றது எனக்கு தினப்படி கூத்து. முதல்ல போன கவுன்சிலர் நல்லவங்கதான் பாவம், ஆனா ஆறு மாசம் சின்ன வயசுக் கதையே பேசுனோம், ஒண்ணும் குறையல. அப்புறம் ஒரு சைக்காலஜிஸ்ட்தான் இது ஓசிடி (ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து, செஞ்சதையே செய்ய வைக்கிற மனநலப் பிரச்சினை), இதுக்கு ஈஆர்பின்னு தனி தெரபி இருக்குன்னாங்க, அதாவது பயப்படுற விஷயத்தை வேணும்னே செஞ்சிட்டு, செக் பண்ணாம அந்தப் பதட்டத்தோடயே உக்காந்திருக்கணும். முதல் நாள் நாப்பை ஒரே தடவை திருப்பிட்டு, கதவைப் பூட்டி படியில உக்காந்தேன், உள்ளங்கை முழுக்க வேர்வை, எதிர் வீட்டு அக்கா "சாவி தொலைஞ்சிடுச்சாப்பா?"ன்னு கேக்குறாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில ஓசிடிக்குன்னே தனி கிளினிக் இருக்கு. தமிழ்ல பேசணும்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது. நான் இப்போ ஒரு தடவைதான் திரும்பிப் பாக்குறேன், சில நாள் ரெண்டு.