இரண்டு நாள் சிப்பாய்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் 1815-இல் இருந்தேன், பழைய போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றில். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க் காலத்து ஆங்கிலேயக் காலாட்படைச் சிப்பாய் வேடம். சிவப்புக் கம்பளிக் கோட்டு, கழுத்தை நிமிர்த்தியே வைக்கும் தோல் பட்டை, கையில் சுமார் நாலரை கிலோ மஸ்கட் என்ற பழைய நீள்குழல் துப்பாக்கி. முதல் ஒரு மணி நேரம் பெருமையாக இருந்தது. அப்புறம் தோள் வலிதான்.

துப்பாக்கிக்கு வெடிமருந்து போடுவது தனிக்கலை. காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒரு சிட்டிகையைப் பக்கவாட்டுக் கிண்ணத்தில் போட்டு மூடி, மீதியைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். எங்களுக்குக் குண்டு கிடையாது, சத்தமும் புகையும் மட்டும். பயிற்சி பெற்ற சிப்பாய் அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 3 முறை சுடுவான். நான் ஒன்று முடிப்பதற்குள் எதிரி குட்டித் தூக்கமே போட்டிருக்கலாம். ஒருமுறை சிக்கிமுக்கிக் கல் பொறி பறக்க, கிண்ணத்து மருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

சிப்பாய்களைத் தோளோடு தோள் உரச ஏன் நிற்க வைத்தார்கள் என்று படிக்கும்போது புரிந்ததே இல்லை. முதல் சுற்று வெடித்ததும் புரிந்தது. புகையில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து ஆளின் தோள்தான் ஒரே அடையாளம். வாயெல்லாம் வெடியுப்பின் கரிப்பு வேறு.

ஞாயிறு மாலை என்னைச் ‘சாக’ச் சொன்னார்கள். நல்ல புல்லாகப் பார்த்து விழுந்தேன். இரண்டு நாளில் கிடைத்த ஒரே ஓய்வு.

துப்பாக்கியை இன்னும் கழுவவில்லை. கருமருந்துக் கரி வெந்நீர் ஊற்றினால் நன்றாகப் போகும்.