ஃபோர்க் ஏரியும் மூன்று உருளை நரம்பும்

டாலஸ் நகரிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் ஃபோர்க் ஏரிக்குப் போய்விடலாம். ஏறத்தாழ 27,000 ஏக்கர் பரப்புள்ள இந்த நீர்த்தேக்கத்தின் அணை 1980இல் கட்டி முடிக்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் இதுவரை பிடிபட்ட லார்ஜ்மவுத் பாஸ் மீன்களில் மிகப் பெரியது, 18.18 பவுண்டு எடையுள்ளது, 1992 ஜனவரியில் இங்கேதான் சிக்கியது. ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது அந்தச் சாதனை அன்று, தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள். அணை கட்டியபோது பள்ளத்தாக்கில் நின்ற மரங்களில் பலவற்றை வெட்டாமல் அப்படியே மூழ்க விட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டுப்போய் நிற்கும் அந்த அடிமரங்களின் இடுக்குகளில்தான் பாஸ் பதுங்கியிருக்கும். தூண்டில் நரம்பு அறுவதும் அங்கேதான். நரம்புகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவனுக்கு இதைவிடக் கடுமையான தேர்வுக்கூடம் வேண்டியதில்லை.

ஏப்ரல் கடைசி வாரத்தில், வெள்ளிக்கிழமை மாலை, அலுவலக நண்பர் ஒருவருடன் கிளம்பினேன். தூத்துக்குடிக்காரரான அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அண்ணன்தான். பெட்டியைத் திறந்து நான் மூன்று உருளைகளையும் காட்டியபோது, "இது எல்லாமே தங்கூஸ்தானே தம்பி, இதுல என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். ஊரில் எல்லா நைலான் நரம்புக்கும் அந்த ஒரே பெயர்தான். அவர் கேள்வி தவறும் அன்று; மூன்றும் மோனோஃபிலமென்ட் வகைதான், அதாவது உருக்கிய நைலானைச் சிறு துளை வழியாக ஒற்றை இழையாக இழுத்து எடுப்பது, அவ்வளவே. 1938இல் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது முதல் இன்றுவரை அடிப்படைப் பொருள் பெரிதாக மாறிவிடவில்லை. மாறுவதெல்லாம் கலவையும், இழுக்கும் விதமும், மேற்பூச்சும்தான். ஆயினும் இந்தச் சிறு மாற்றங்களால் ஒரே நிறுவனத்தின் இரண்டு நரம்புகள்கூடக் கையில் எடுத்தால் வேறு வேறு பொருள்களாகத் தோன்றும்.

நான் கொண்டுபோனவை டிரைலீன் எக்ஸ்.எல்., டிரைலீன் எக்ஸ்.டி., பிக் கேம் ஆகிய மூன்றும். மூன்றிலும் தாங்கும் எடை 12 பவுண்டு என்றே அச்சிட்டிருந்தது. மூன்றுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் என்றாலும், விரலிடுக்கில் உருட்டினால் எக்ஸ்.எல். மெலிந்தும் துவண்டும் இருப்பதும், மற்ற இரண்டும் சற்று விறைத்து நிற்பதும் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உருளையின் மேல் அச்சிட்ட பவுண்டுக் கணக்கை வைத்து இரண்டு நரம்புகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. போட்டிச் சாதனைகளுக்கென்று விற்கப்படும் வகையில், நனைந்த நிலையில் அந்த எண்ணிலோ அதற்குக் கீழேயோ அறுந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. கடையில் சாதாரணமாக வாங்கும் வகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் பெரும்பாலானவை எண்ணைத் தாண்டித்தான் அறும். தடிமனைக் கொஞ்சம் கூட்டிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால் அந்த நரம்பு "வலுவானது" என்று பெயர் வாங்கிவிடும்.

ஏரிக்கரை விடுதியின் பின்புறம் ஒரு ஓக் மரம் இருந்தது. நரம்பின் நுனியை அதில் கட்டி, முப்பது தப்படி பின்னால் நடந்து, தூண்டில் கம்பை ஓங்கி இழுத்துப் பார்த்தேன். மரத்தடியில் நின்ற அண்ணன் முடிச்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இன்னும் வரலை... இப்பதான் லேசாத் தெரியுது" என்றார். நரம்பு இறுகி நிற்க நான் இரண்டு மூன்று தப்படி கூடுதலாகப் பின்வாங்க வேண்டியிருந்தது. எக்ஸ்.எல். எல்லாவற்றையும்விட அதிகமாக நீண்டது. மற்ற இரண்டுக்கும் இடையே என்னால் வேறுபாடு காண முடியவில்லை. அறுபடும் நேரத்தில் நைலான் தன் நீளத்தில் கால் பங்கு வரைகூட நீளக்கூடும். தொலைவில், ஆழத்தில், பிளாஸ்டிக் புழுவைத் தரையோடு இழுத்துப் பிடிப்பவருக்கு இது பெரிய குறை, ஏனெனில் மீன் கடித்ததும் நாம் கம்பை வெட்டி இழுக்கும் வேகம் முள்ளைப் போய்ச் சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். அதே குறை, மூன்று கொக்கிகள் சேர்ந்த முள் தொங்கும் கிராங்க்பெய்ட் வகை இரைக்கு வரமாகிவிடுகிறது. படகருகே வந்த மீன் திடீரென்று தலையை உதறும்போது நரம்பு சுருங்கி விரிந்து கொடுப்பதால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதில்லை.

அண்ணன் தன் பங்குக்கு ஒரு பழைய உருளையையும் கொண்டுவந்திருந்தார். இரண்டு கோடையாகக் காரின் பின் கண்ணாடியடியில் வெயிலில் கிடந்ததாம். கையில் சுற்றி இழுத்ததும் தையல் நூல்போல அறுந்தது. அதைப் பற்றி நாங்கள் மேற்கொண்டு பேசவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே வாடகைப் படகில் இறங்கினோம். முதல் ஒரு மணி நேரம் நீர்மேல் தத்தும் பாப்பர் இரை. இந்த இடத்தில் மோனோஃபிலமென்டுக்கு இணை இல்லை என்பது என் துணிந்த கருத்து. நைலானின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.14, தண்ணீரைவிடச் சற்றே கனம் என்பதால் நீர்ப்பரப்பிலேயே நெடுநேரம் படுத்துக் கிடக்கும். ஃப்ளோரோகார்பன் என்ற வேறு வகை நரம்புக்கு அது 1.78, அது சட்டென்று மூழ்கிப் பாப்பரின் மூக்கையும் கீழே இழுத்துவிடும். வீசுவதற்கு எக்ஸ்.எல். தனி இன்பம். ரீலிலிருந்து வளையம் வளையமாகக் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. முந்தைய இரவு சுற்றிய பிக் கேமோ, உருளையின் வடிவத்தை மறக்க மாட்டேன் என்று சுருள் சுருளாகவே இறங்கியது. கொஞ்ச நேரம் நனைந்த பிறகுதான் வழிக்கு வந்தது.

இரண்டு சிறிய பாஸ் கிடைத்தன. வெயில் ஏறியதும் மரங்களுக்குள் போனோம். எக்ஸ்.எல். சுற்றிய கம்பிலேயே, கனத்த தலையால் அடிக்கு இறங்கும் ஜிக் இரையை மாற்றிக் கட்டினேன். அவசரத்தில் முடிச்சை எச்சிலால் நனைக்காமல் உலர்ந்தபடியே இறுக்கிவிட்டேன். நாலாவது வீச்சில் கனமான ஒரு இழுப்பு, ஒரு திருப்பம், பிறகு ஒன்றுமில்லை. வெறும் நரம்பைச் சுற்றி எடுத்து நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். மரத்தில் உராய்ந்து அறுந்திருந்தால் நுனி நார்நாராக, வெண்மையாக இருக்க வேண்டும். இதுவோ வழவழப்பாக, ஸ்பிரிங் போல நாலைந்து சுற்றாகச் சுருண்டிருந்தது. முடிச்சு நழுவியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மீன் போனதற்கு நரம்பு பொறுப்பன்று. உலர்ந்த நைலான் தன்மேலேயே உரசிச் சரியாகப் பதிந்து இறுகாது, சூடேறி நலிந்தும் போகும் என்று தெரிந்திருந்தும் சோம்பல்பட்ட நான்தான் பொறுப்பு. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க அப்பா முடிச்சை வாயில வைக்காம இறுக்கவே மாட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு எக்ஸ்.டி. சுற்றிய கம்பை எடுத்தேன். இதன் சிறப்பு வீச்சில் இல்லை. சில முழம் தூரம் குறைவாகத்தான் விழுகிறது. உராய்வைத் தாங்குவதில்தான் அதன் பெருமை. பட்ட மரத்தின் பிளவுக்குள் ஜிக்கை இறக்கி, கிளைமேல் நரம்பு கரகரவென்று உரசிக்கொண்டு ஏறுவதைக் கம்பு வழியாகவே உணர்ந்தபடி, நடுப்பகல் வரை அப்படியே தூண்டில் போட்டேன். பதினோரு மணி வாக்கில் ஒன்று சிக்கியது. அடிமரத்தைச் சுற்றி ஒரு பாதிச் சுற்று சுற்றிக்கொண்டது. நான் இழுக்காமல் நரம்பைத் தளர்த்தி நிறுத்தினேன். அதுவாகவே வந்த வழியே திரும்பி வெளியே வந்தது. அளந்து பார்த்தால் 19 அங்குலம். ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்; பெரிய மீன்கள் இங்கே தொடர்ந்து வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். கீழ்த்தாடையைப் பிடித்துச் சற்று நேரம் நீரில் வைத்திருந்தேன். வாலை ஒரு முறை அடித்துவிட்டுப் போய்விட்டது.

நரம்பின் கடைசி இரண்டு முழத்தை நகத்தால் வருடிப் பார்த்தேன். மூன்று இடங்களில் சொரசொரப்பு, ஓரிடத்தில் வெள்ளைக் கீறல். அதற்கு மேலாக ஒரு மீட்டர் சேர்த்து வெட்டி, வெட்டிய துண்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, புதிய முடிச்சை வாயில் வைத்து நன்றாக நனைத்து மெல்ல இறுக்கினேன். அதற்குள் அண்ணன் படகை அடுத்த மரத்தை நோக்கித் திருப்பியிருந்தார்.