எட்டுப் பேட்டையைக் கட்டியாளும் தாய்

ஆடி பிறந்ததும் சேலத்தில் நாள் கணக்கே மாறிவிடும். “பூச்சாட்டு முடியட்டும், பேசிக்கலாம்”, “பொங்கல் கழிச்சு வாங்க, வேட்டி அறுத்து வெச்சிருப்பேன்” என்றுதான் குகை என்கிற பகுதியில் என் பெரியம்மா வீட்டுத் தெருவில் பேச்சு நடக்கும். பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, பொங்கல், உருளுதண்டம், வண்டி வேடிக்கை, சத்தாபரணம், மஞ்சள் நீராட்டு என்று மாரியம்மன் பண்டிகை போகிற போக்கில்தான் அந்தத் தெருவின் சமையல், விரதம், விருந்தாள் வரவு எல்லாமே. இந்த வருடமும் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. “கம்பம் நட்டாச்சு கண்ணு. எப்ப வர்ற?”

ஊர் 1866-ல் நகராட்சி ஆனது, 1994-ல் மாநகராட்சி ஆனது. 60 வார்டுகளாகப் பிரித்து வரைபடமும் இருக்கிறது. ஆனால் ஆடி மாதத்தில் எந்தச் சேலத்துக்காரரும் வார்டு எண் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, அன்னதானப்பட்டி, குமாரசாமிப்பட்டி என்று ஒவ்வொரு பகுதிக்கும் சொந்தமாக ஒரு மாரியம்மன் இருக்கிறாள். அவளுக்கென்று ஒரு கம்பமும் உண்டு, ஒரு கரகமும் உண்டு. எல்லோருக்கும் மூத்தவளாக, திருமணிமுத்தாற்றங்கரையில் கோட்டை மாரியம்மன். எட்டுப் பேட்டையைக் கட்டியாளும் தாய் என்று அவளைச் சொல்வார்கள். கூப்பிடு தூரத்தில் அழகிரிநாதர் கோயில், இன்னொரு பக்கம் ஜாமியா மசூதி. பழைய கோட்டையின் சுவர்கள் போய்விட்டன. கோட்டை என்ற பேரை இன்று அவள்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

நான் போய் இறங்கியதற்கு மறுநாள் விடியற்காலை பெரியம்மாவோடு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, அம்மன் சன்னதிக்கு எதிரில் நட்டு வைத்திருப்பார்கள். அம்மனுக்கு இந்தக் கம்பம்தான் புருஷன் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குளித்த ஈரத்தலையோடு, குடத்தில் மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்டு, பெண்கள் தெருத்தெருவாக வந்துகொண்டே இருந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் என்று வீட்டுக்குள் என்ன பாஷை பேசினாலும் கம்பத்தின் முன்னால் வாயில் வருவது “தாயே மகமாயி” என்பதுதான். தறி நெய்யப் பல ஊரிலிருந்து வந்து இந்தப் பேட்டைகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இவர்கள். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இந்த மாதிரி நெசவாளர் வீடுகளில் இருந்துதான் வெளியே போகிறது. கம்பத்தடியில் ஒரு பாட்டி உப்பும் மிளகும் கலந்து போட்டுவிட்டு, “பேத்திக்கு அம்மை எறங்கிடுச்சு, உன் புண்ணியம்” என்று யாரிடமோ பக்கத்து வீட்டில் பேசுவதைப் போலச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பேச்சை விடப் பெரிய தோத்திரத்தை நான் கேட்டதில்லை.

புதன்கிழமை பொங்கல். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். கோட்டைக்குப் போகும் வழியெல்லாம் ஜனம். 2023-ல் திருப்பணி முடிந்து குடமுழுக்கு ஆன பிறகு கருங்கல் வேலைப்பாட்டோடு கோயில் புதுசாக நிற்கிறது. வரிசையில் நின்ற நேரம் தெரியவே இல்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மாள் வாழை இலையில் மாவிளக்கைச் சுமந்து நின்றார். சிறு சன்னல் போல் திறந்த மனித இடைவெளியில் அம்மன் முகம் தெரிந்த நேரம், வேண்டிக்கொள்ள என்று எடுத்து வந்த எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

வெளியே உருளுதண்டம் நடந்துகொண்டிருந்தது. ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி உருளுகிறவர்களுக்கு வீட்டார் தண்ணீர் ஊற்றிக்கொண்டும், கல்லோ முள்ளோ இருந்தால் ஒதுக்கிக்கொண்டும் கூடவே நடந்தார்கள். ஒரு இளைஞர் பாதியில் தலைசுற்றி நின்றுவிட, அவரைத் தெரியாத இரண்டு பேர் தோளைத் தாங்கித் திருப்பிவிட்டு, “ஆத்தா பாத்துக்குவா, மெதுவா சாமி” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கண்மலர், கை, கால் என்று வெள்ளித் தகட்டு உருக்கள் வாங்கிச் சாத்துகிறவர்கள் ஒரு பக்கம். கொலுசுக்குப் பேர் போன ஊரில் அம்மனுக்கு வெள்ளி போவது பொருத்தம்தான்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். வெளியூர் ஆன்மிகச் சுற்றுலாக்காரர்கள் பலர் கோட்டையில் தரிசனம் முடித்த கையோடு ஏற்காட்டுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். மலைக்குப் போகட்டும், சேர்வராயன் கோயிலையும் கும்பிடட்டும். ஆனால் பேட்டைகளுக்குள் நடக்காமல் போனால் இந்தத் தாயைப் பாதிதான் பார்த்தது போல. மீதிப் பாதி பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் குகையில் வண்டி ஏறி வருகிறது.

வண்டி வேடிக்கை நூறு வருடத்துக்கு மேலான வழக்கம். அந்தக் காலத்தில் மாட்டு வண்டிகளில் வேஷம் கட்டி நின்றார்கள். இப்போது லாரிகளும் டிராக்டர்களும் வந்துவிட்டன. ஆள் மட்டும் அதே பேட்டை ஆள்தான். விரதம் இருந்து, முகத்தில் பூச்சு ஏற்றி, கிரீடம் தாங்கி, சிவனாகவும் மகிஷாசுரமர்த்தினியாகவும் பட்டாபிஷேக ராமனாகவும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார்கள். அம்பாள் வேஷத்தையும் ஆண்பிள்ளைகள்தான் கட்டுவார்கள். எந்த வண்டி என்ன காட்சி என்பதை வண்டி கிளம்பும் வரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரியம்மாவின் பேரன் இந்த முறை முருகன். பகல் முழுக்க அவனிடம் யாரும் கோபமாகப் பேசவில்லை. காலையில் “டேய்” என்று அதட்டிய பெரியம்மாவே, வேல் பிடித்து அவன் வண்டியில் நின்றதும் கீழே இருந்து கையெடுத்துக் கும்பிட்டார். “என்ன பெரியம்மா, உங்க பேரன்தானே?” என்றேன். “இப்ப இல்ல கண்ணு” என்றார், கையை இறக்காமலே.

மதியத்திலிருந்தே திண்ணையும் மாடியும் நிறைந்திருந்தன. கலர் பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு வண்டியாக அசைந்து அசைந்து குகை மாரியம்மன் கோயிலைச் சுற்றி வர, பம்பை சத்தமும் குழந்தைகள் கூச்சலும் சேர்ந்துகொண்டது. ஒரு கையில் தட்டுவடை செட்டும் இன்னொரு கையில் குழந்தையுமாக ஒரு அப்பா, “பாரு, நம்ம மீனாட்சி கல்யாணம்” என்று தோளில் தூக்கிக் காட்டினார். நல்ல வண்டிக்குப் பரிசு உண்டு. அதற்காக இத்தனை பேர் பட்டினி கிடந்து நிற்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. கருவறைக்குள் இருக்கிறவளைத் தன் தெருவுக்கு, தன் உடம்புக்கே வரவழைக்கிற வழிபாடு இது.

திருமணிமுத்தாற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் இறங்கி, நாமக்கல் பக்கம் காவிரியில் சேருகிற ஆறு. பேட்டைகளின் சாயமும் சாக்கடையும் சேர்ந்து, கோயில் பக்கத்தில் அது போகிற நிலையைப் பார்க்க மனசு வலிக்கிறது. கம்பத்துக்குக் குடம் குடமாக ஊற்றுகிற நாம் ஆத்தா காலடியில் ஓடும் தண்ணீருக்கும் கடன்பட்டவர்கள். பண்டிகைக்கு வீடு வீடாக வரி போடுகிற தெருக்கள் மனசு வைத்தால் ஆற்றுக்கும் ஒரு நோன்பு நோற்க முடியும்.

வர நினைப்பவர்கள் புதன் விடியற்காலையில் கோட்டைக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறினால் வரிசை நகராது. மறுநாள் மதியச் சாப்பாடு முடித்த கையோடு குகைக்கு நடந்து வந்துவிடுங்கள். சாயங்காலம் ஆனால் மற்ற வண்டிகளை மாற்றுப் பாதையில் திருப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாத வீடாக இருந்தாலும் திண்ணையில் இடம் கேட்கலாம். பெரியம்மா வீட்டுத் தெருவில் யாரும் “இடம் இல்லை” என்று சொல்ல மாட்டார்கள்.