ஆயா பார்த்துக்கொள்கிறார்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வீடு வீடாகப் போய் நாங்கள் நிரப்பிய படிவத்தில் பதினான்காவது கேள்வி: "பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார்?" கீழே நான்கு கட்டங்கள். அப்பா அம்மா, தாத்தா பாட்டி, கிரெஷ் (குழந்தைகள் காப்பகம்), வேறு யாராவது. இரண்டாவது கட்டத்தில் டிக் விழுந்தால் அந்த வீட்டுக்குக் கிரெஷ் தேவையில்லை என்று கணக்கில் ஏறிவிடும். கேள்வியை எழுதியதும் நான்தான், கணக்கை அப்படி வைத்ததும் நான்தான். ஒரு மாதத்துக்கு மேல் அதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கணவர் வேலைக்காக டர்பன் வந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். குழந்தைகள், குடும்பங்களுக்கான சேவைகளில் 'ஆய்வும் திட்டமிடலும்' என்று பெரிய பெயர். வேலை என்னவோ, எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை, அடுத்த வருடம் பணம் வந்தால் எங்கே போடலாம் என்று எழுதித் தருவதுதான். சென்சஸ் இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். 2022 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 31 பேர் விடுபட்டுப் போனார்கள் என்று அதை எடுத்த துறையே சொன்னது, அதிலும் இந்தியர்களிடையே விடுபட்டவர்கள் இன்னும் அதிகம். அதனால்தான் நடந்தே போனோம்.

சாட்ஸ்வொர்த்தே ஒரு திட்டத்தில் பிறந்த ஊர்தான். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து வைத்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் இந்தியர்களைப் பல இடங்களிலிருந்து பெயர்த்து 1960களில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஒட்டு வீடுகள், நடுவில் ஒரே சுவர். இப்போது பாதி வீடுகளுக்குப் பின்னால் ஒரு அவுட்பில்டிங், அதில் வாடகைக்கு ஒரு குடும்பம், சில இடத்தில் இரண்டு. முகவரி ஒன்று, அடுப்பு மூன்று. கேட்டில் நின்று "எத்தனை குடும்பம்?" என்றால் ஒன்று என்பார்கள், "எத்தனை அடுப்பு எரியுது?" என்றால்தான் உண்மை வரும். இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் சாட்ஸ்வொர்த்தின் ஒரு பகுதியான வெஸ்ட்கிளிஃபில் அந்த ஆயாவைப் பார்த்தேன். இங்கே ஆயா என்றால் பாட்டி. 2024 ஆடி மாதம், இங்கே அது குளிர்காலம், கோயில்களில் கூழ் ஊற்றும் நேரம். படிவத்தைப் பார்த்ததும் ஆயா கேட்டைத் திறக்கவில்லை. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். "காகிதம் தூக்கிக்கிட்டு வர்றவங்க எல்லாம் எதையாச்சும் நிறுத்தத்தான் வருவாங்க, பொண்ணு."

அவர் சொன்னது 1998 கதை. அதற்கு முன்னால், கணவர் இல்லாத தாய்மாருக்கு மெயின்டனன்ஸ் கிராண்ட் என்று ஒரு அரசு உதவித்தொகை இருந்தது, தாய்க்குத் தனியாக, பிள்ளைக்குத் தனியாக. துணி ஃபேக்டரியில் வேலை போன நேரத்தில் ஆயா அதை வைத்துத்தான் மகளை வளர்த்திருக்கிறார். ஃபிரான்சி லண்ட் தலைமையிலான குழு பரிந்துரைத்து, அந்த வருடம் சைல்ட் சப்போர்ட் கிராண்ட் வந்தது, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 100 ராண்ட். பழையது மூன்று வருடத்தில் படிப்படியாகக் குறைந்து நின்றது. அதில் நியாயம் இருந்தது என்று எனக்குத் தெரியும். பழைய பணம் கறுப்பினத் தாய்மாருக்குப் பெரும்பாலும் போய்ச் சேரவே இல்லை, இருந்த தொகையை எல்லாப் பிள்ளைகளுக்கும் பகிர வேண்டியிருந்தது. ஆனால் அந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் போன 2024இல் அதே கிராண்ட் 530 ராண்ட், பதினெட்டு வயது வரை. மகள் சம்பளத்தைச் சொன்னால் அதுவும் போய்விடுமோ என்று பயம். வருமானக் கேள்வியை நானே விட்டுவிட்டேன்.

உள்ளே ஐந்து பிள்ளைகள். இரண்டு பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டு இரண்டு, பின்னால் வாடகைக்கு இருக்கும் ஸூலுப் பெண்ணின் கைக்குழந்தை. பேசத் தெரிந்தது எல்லாமே அவரை ஆயா என்றுதான் கூப்பிட்டது. என் படிவப்படி பேரப்பிள்ளைகள் இரண்டுக்கும் 'தேவையில்லை'. ஆயாவுக்குச் சர்க்கரை, முட்டியில் வலி. கிளினிக் போகிற நாளில் விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும், அன்றைக்குக் குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். மூத்த பேத்தியைக் காட்டினார். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அன்றைக்கு ஸ்கூல் இல்லை அவளுக்கு, மாதம் ஒரு தடவைதானே என்றார் ஆயா.

அன்று இரவு பதினான்காவது கேள்வியை அடித்துவிட்டு, "நேற்று காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி வரை பிள்ளை யார் யாரோடு இருந்தது?" என்று எழுதினேன். கூட வேலை பார்த்தவர்களுக்கு எரிச்சல். ஐந்து நிமிடத்தில் முடிகிற படிவம் இருபது நிமிடம் ஆகிறது, அவர்களுக்கோ படிவத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அவர்கள் பக்கம்தான் நியாயம். கூலியை ஏற்றித் தரச் சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம்தான் ஏறியது.

பகலுக்கு எப்படியோ ஆள் இருந்தது. பிரச்சினை சாயங்காலம். கிரெஷ் ஐந்துக்குப் பூட்டிவிடும். கடையில் வேலை பார்க்கிற அம்மா ஆறுக்குத்தான் வெளியே வருவாள், உம்ஷ்லாங்காவில் கால் சென்டர் என்றால் டவுன் போய் ஷேர் டாக்ஸி மாறி வீடு சேர ஏழரை. புதிய கிரெஷ் கட்ட வேண்டும் என்றுதான் நாங்கள் அறிக்கையை ஆரம்பித்திருந்தோம். கட்டினாலும் அதுவும் ஐந்துக்குத்தான் பூட்டும்.

சரி, இருக்கிற கிரெஷ்களைக் கூடுதல் நேரம் திறக்கவும், ஆயாமார்களுக்குத் துணைக்கு ஒரு ஆள் வைக்கவும் பணம் கேட்டு எழுதினேன். கூட்டத்தில் ஒரு பெரியவர், "பேரப்பிள்ளையைப் பார்க்க ஆயாவுக்குச் சம்பளமா?" என்று சிரித்தார். சம்பளம் ஆயாவுக்கு இல்லை ஐயா, துணைக்கு வருகிற பெண்ணுக்கு என்றேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். பணம் தருபவர்கள் சிரிக்கவில்லை, பதிவு எண் கேட்டார்கள். குழந்தைகள் சட்டப்படி ஆறு பிள்ளைகளுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டால்தான் பதிவு. ஐந்து என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் வெறும் ஆயா. பதிவுக்குரிய கிரெஷ்களே பாதிக்கு மேல் பதிவில்லாமல் ஓடிய நாடு இது, 2021இல் நாடு முழுக்க எண்ணியபோது 42,420 இடங்களில் சுமார் 40 விழுக்காடுதான் பதிவாகியிருந்தன. பதிவு இருந்தாலும் அரசு மானியம் பல வருடமாகப் பிள்ளைக்கு நாளுக்கு 17 ராண்டிலேயே நின்றது.

கடைசியில் பதிவுள்ள இரண்டு கிரெஷ்களுக்கு ஏழு மணிவரை திறந்து வைக்கப் பணம் கிடைத்தது. இரண்டும் ஆயா வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை.

அதைச் சொல்லிவிட்டு வர ஒரு சாயங்காலம் போனேன். ஆயா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, கொடியில் துணி கிடக்கிறது, இவனைக் கொஞ்சம் பிடி என்று கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார். அவன் அம்மா வந்தபோது மணி ஏழு இருபது.